பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவார். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததை நினைத்துச் செய்கிற சடங்கு அது. எங்கள் ஊர்க்காரர்கள் அதில் ஒரு திருத்தம் சேர்த்திருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் போடும் பன்னிரண்டு நாற்காலிகளில் கடைசி நாற்காலி, காட்டிக்கொடுத்த யூதாசினுடையது என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். எந்தச் சாமியாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் அன்றைக்கு மட்டும் ஆண்கள் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு முதல் மணி அடித்ததுமே மாதா கோயிலுக்கு ஓடுவார்கள். பிந்தி வருகிறவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, வருஷம் முழுக்கக் கேலிப்பேச்சு கேட்பார்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், சாமியாருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார் எழுதிய பன்னிரண்டு பேர் பட்டியலில் என் அப்பாவும் இருந்தார், சித்தப்பாவும் இருந்தார். பெரிய வியாழனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கரும்பு எரிந்தது.

எங்கள் பக்கம், சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வராமல் கரும்பு காய்ந்துகொண்டிருந்தால் சிலர் தங்கள் தோட்டத்துக்குத் தாங்களே நெருப்பு வைத்துவிடுவார்கள். எரிந்த கரும்பைப் போட்டு வைக்க முடியாது; உத்தரவு உடனே வந்துவிடும். சித்தப்பா வேலை பார்த்த தோட்டத்துப் பண்ணைக்காரர் அந்தக் காரியத்தைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்திருந்தார். பாதியில் காற்று திரும்பிவிட்டது. பக்கத்துத் தோட்டமும் சேர்ந்து எரிந்தது. அந்தப் புகையில் கல்வராயன் மலையே தெரியவில்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் ஆட்களோடு வந்து நின்று, யார் வைத்தது என்று கத்தினார். பண்ணைக்காரர் ஒன்றும் அறியாதவர்போல வானத்தைப் பார்த்தார். சித்தப்பா மிரண்டுபோய், "எங்க அண்ணன்தாங்க அந்தப் பக்கமா பீடி குடிச்சிக்கினு போனாரு" என்றார்.

அப்பா நான் பிறந்த அன்றைக்கே பீடியை விட்டவர். ஊருக்கே தெரிந்த அந்த விஷயம் அன்றைக்கு ஊருக்கு மறந்துபோனது. "நான் இல்லீங்க" என்று அப்பா ஒரே ஒரு தரம் சொன்னார். மறுநாளிலிருந்து கரும்பு வெட்ட அவரை யாரும் கூப்பிடவில்லை.

அம்மா விடவில்லை. "உன் தம்பி நெருப்பு வச்சிட்டு ஓடியாந்தத கண்ணால பாத்துட்டு, வாய மூடிக்கினு குந்திக்கினு இருக்கியே, இன்னா மனுசன் நீ?"

"சொன்னா அவன் உள்ள போவான். மூணு புள்ளைங்க. ஆண்டவருக்குத் தெரியும், வுடு."

பிறகு அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழைய ஏற்பாட்டு யோசேப்பின் கதையைச் சொன்னார். கூடப் பிறந்தவர்களே குழியில் தள்ளி விற்றதையும், செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் கிடந்ததையும், அங்கேயும் கடவுள் அவரோடு இருந்ததையும் சொன்னார். எவ்வளவு நாள் சிறையில் இருந்தார் என்று கேட்டேன். வருஷக்கணக்காக என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடவுளுக்கு எதற்கு அவ்வளவு நேரம்? நான் என் பங்குக்கு, சித்தப்பா அந்தக் கடைசி நாற்காலியில் உட்கார வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன். சின்னக் காரியம்தானே, சீக்கிரம் முடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

வேண்டுதல் பலித்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா நேரத்தோடு போய் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பதினோரு நாற்காலிகளும் நிறைந்த பிறகுதான், எரிந்த கரும்பு வெட்டிவிட்டு வந்த காலோடு, முழங்கால் வரைக்கும் கரியோடு, சித்தப்பா உள்ளே வந்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. சித்தப்பா கடைசி நாற்காலியின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்; உட்காரவில்லை.

அப்பா எழுந்து அவரிடம் போனார். "தம்பி, என் எடத்துல போய் குந்து" என்று சொல்லிவிட்டு, அந்தக் கடைசி நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார்.

"பாத்தியா, அவரே ஒத்துக்கினாரு" என்று எனக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் சொன்னாள். அம்மா முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். சாமியார் சித்தப்பாவின் காலைக் கழுவியபோது தாம்பாளத்துத் தண்ணீர் கறுத்துவிட்டது. வேறு தாம்பாளம் கொண்டுவர வேண்டியிருந்தது. சித்தப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. அப்பாவின் கால் ஒரு வாரமாக வேலை இல்லாத கால். கழுவுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

வெளியே வந்ததும் நான் அப்பாவின் கையை உதறினேன். "இன்னாத்துக்குப்பா அங்க போய் குந்துன? எல்லாரும் நீதான்னு சொல்றாங்க."

"எனக்கு அது வெறும் நாற்காலிம்மா. அவனுக்கு அப்பிடி இல்ல."

ஒரே நாற்காலி எப்படி இரண்டு பேருக்கு இரண்டு விதமாக இருக்கும்? வீடு வரைக்கும் நான் அவருக்கு முன்னால் தனியாக நடந்தேன்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை சித்தப்பா எங்கள் வாசலில் வந்து நின்று, அப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னார். கொஞ்சம் பிந்தினாலும் கடவுள் என் வேண்டுதலைக் கேட்டுவிட்டார் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த நாற்காலியைக் கேட்டவள் நான்தானே. அதில் யார் போய் உட்கார்ந்ததால் சித்தப்பா வாயைத் திறந்தார் என்று யோசிக்க, எனக்கு அப்போது வயது போதவில்லை.