துண்டுக்கடியில் ஒரு பி.ஏ.

அடுத்த வீட்டுப் பெண் போன வாரம் ஒரு பையோடு வந்தாள். எம்.காம். படித்தவள். பத்தாம் வகுப்பிலிருந்து வாங்கிய அத்தனை சான்றிதழ்களும் அந்தப் பைக்குள் இருந்தன. திறந்ததுமே என் முன்னறை முழுக்க அந்துருண்டை வாசனை. அவளுடைய அம்மா அவற்றைப் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள்.

"நாளைக்கு இண்டர்வியூ தாத்தா. இந்த வாசம் போகுமா?" என்று கேட்டாள்.

வெயிலில் காட்டினால் போய்விடும் என்று சொல்லி அனுப்பினேன். பொய்தான். எனக்கு அந்த வாசனை இந்த வயதிலும் போகவில்லை. அந்துருண்டை என்றால் மற்றவர்களுக்குத் துணிமணி ஞாபகம் வரும். எனக்கு "தங்கள் மிகப் பணிவுள்ள ஊழியன்" என்று யாருக்காவது கடிதம் எழுத வேண்டும்போலத் தோன்றும்.

காரணம் ஒரு கோட்டு. கறுப்பு அல்பாக்கா என்கிற கம்பளித் துணி. முப்பதுகளில் நான் பி.ஏ. தேறியதும் புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் ஒரு தையல்காரரிடம் தைத்தது. தைக்கக் கூட்டிப்போனவர் சவரிமுத்துத் தரகர். அளவெடுக்கும்போது, "ரெண்டு வெரக்கடை கூட வச்சே தைங்க. வளர்ற புள்ள" என்றார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கோட்டின் தோள் என் முழங்கையை விசாரிக்க வந்ததுபோல இறங்கி நின்றது. பூச்சி அரித்துவிடும் என்ற பயத்தில் என் அம்மா பைக்கு நாலு அந்துருண்டை போட்டு வைத்திருப்பாள். வேலை கேட்டு எந்த ஆபீசுக்குப் போனாலும் எனக்கு முன்னால் அந்த வாசனை உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

சவரிமுத்து யாரென்று சொல்ல வேண்டும். ஆவூர்க்காரர், மாட்டுத் தரகர். கழுத்தில் ஜெபமாலை, தோளில் சிவப்புத் துண்டு, வாயில் எப்போதும் புகையிலை. பொன்னமராவதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் அப்பாவுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் ஒரே ஒரு வயல். அந்த வயலை உழுத எந்த மாடும் சவரிமுத்து கை படாமல் எங்கள் கொட்டிலுக்கு வந்ததில்லை. அந்தப் பழக்கத்தில்தான் அப்பா அவரிடம் வாய்விட்டுச் சொன்னார். பையன் புதுக்கோட்டையில் இண்டர்மீடியட் முடித்துவிட்டான், திருச்சியில் பி.ஏ. சேர இரண்டு வருடத்துக்குப் பணம் வேண்டும், வயலை ஈடு வைக்கலாமா என்று யோசிக்கிறேன் என்று.

சவரிமுத்து என்னை வாசலுக்குக் கூப்பிட்டு மேலும் கீழும் பார்த்தார். "அங்கிட்டுப் போயி இங்கிட்டு நடந்து வா" என்றார். நடந்தேன். எதற்கு நடக்கிறேன் என்று பாதி வழியில்தான் உறைத்தது.

"மாட்டுக்குப் பல்லப் பாத்தா தெரியும். இவனுக்கு எதங்க பாக்குறது?" என்று அப்பாவைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, நீ பரீட்சையில அடிச்சு அடிச்சு எழுதுவியா, ஒரே வாட்டியா எழுதுவியா?"

"ஒரே வாட்டிதாங்க மாமா."

"அப்ப வயலு கெடக்கட்டும். நான் தாரேன். வேல கெடச்சதும் மாசம் பத்து ரூவா. வட்டி வேணாம்."

மொத்தம் நானூற்று எண்பது ரூபாய். பத்திரம் இல்லை, நோட்டு இல்லை. நான் திருச்சிக்குப் போய் ஆங்கிலக் கவிதையும் ரோமாபுரிச் சரித்திரமும் படித்துவிட்டு, இரண்டாம் வகுப்பில் தேறி, உலகத்துக்கே உபயோகமில்லாத ஒரு ஆளாகத் திரும்பி வந்தேன்.

அப்போது எனக்கிருந்த மண்டைக்கனத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மாட்டேன். பஸ் கண்டக்டரிடம் இங்கிலீஷில் டிக்கெட் கேட்பேன், அவர் தமிழில் சில்லறை கேட்பார், இருக்காது. எனக்காக வீட்டில் காப்பிப்பொடி வாங்கினார்கள். அதை நான் மட்டும் குடித்தேன். மற்றவர்கள் நீராகாரம் குடித்தபடி நான் காப்பி குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு உறுத்தவில்லை என்பதுதான் நான் வாங்கிய பட்டத்தின் மகிமை. விண்ணப்பங்கள் மட்டும் சளைக்காமல் எழுதினேன். ஒவ்வொன்றிலும் என்னைப் பணிவுள்ளவன் என்று கையெழுத்துப் போட்டு உறுதி செய்தேன்.

முதல் நேர்காணல் ஒரு ஆபீசில். பேர் வேண்டாம். ஹெட்கிளார்க் என் காகிதங்களைப் புரட்டாமல் அப்படியே திருப்பி வைத்தார்.

"ஒங்களுக்கு இங்க யாரத் தெரியும்?"

"நான் பி.ஏ. இரண்டாம் வகுப்பு சார்."

"அது இருக்கட்டுங்க. யாரத் தெரியும்?"

ரோமாபுரி மன்னர்களில் பாதிப் பேரைத் தெரியும். அவர்களில் யாரும் அந்த ஆபீசில் இல்லை. இண்டர்மீடியட்டில் இரண்டு தடவை தவறிய ஒருவருக்கு அந்த வேலை கிடைத்தது. அவருக்கு ஹெட்கிளார்க்கைத் தெரியும். அக்காள் புருஷன் என்ற அளவில்.

இப்படியே ஒன்றரை வருடம். மழையும் சரியில்லை. காப்பிப்பொடி வாங்குவது நின்றுபோனது. ஏனென்று நானும் கேட்கவில்லை. சவரிமுத்து எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் பணப்பேச்சை எடுக்கவே மாட்டார். "என்னப்பா பி.ஏ., ஏதாச்சும் தெகஞ்சுச்சா?" என்று மட்டும் கேட்பார். சந்தையில் விலை படியாமல் திரும்பி வந்த மாட்டை விசாரிக்கிற அதே குரல். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

ஒருநாள் அவரே ஒரு செய்தி கொண்டுவந்தார். ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் தேவை. மானேஜரை அவருக்குப் பழக்கம். வண்டி மாடு வாங்கிக் கொடுத்திருக்கிறார். தானும் கூட வருவேன் என்றார். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கோட்டுப் போட்ட பி.ஏ.யும் புகையிலை மென்ற தரகருமாகப் போய் மானேஜர் முன்னால் நின்றோம்.

மானேஜர் நல்லவராகத்தான் பேசினார். கல்வியின் சிறப்பு, தியாகம், ஏழைக் குழந்தைகள் என்று அரைமணி நேரம். சம்பளத்தை மட்டும் சொல்லவில்லை. பேச்சு எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்த ஒரு வார்த்தையை ஒதுக்கிக்கொண்டு போனது. சவரிமுத்து பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்து மானேஜரின் வலது கைமேல் போட்டு, தன் கையையும் அதற்கடியில் விட்டார்.

மாட்டுச் சந்தை பார்த்தவர்களுக்கு இது தெரியும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு விலை தெரியக் கூடாது என்று துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம் பேசுவார்கள். ஒரு பள்ளிக்கூட ஆபீசில், நாற்காலியும் மேசையும் போட்டு, சுவரில் சரஸ்வதி படம் மாட்டியிருந்த இடத்தில், என்னை அப்படிப் பேசினார்கள். தரை பிளந்தால் கோட்டோடு உள்ளே போய்விடலாம் என்று நின்றேன். என்னை அதிரவைத்தது வேறு. மானேஜர் கையை உதறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பழகிய கையாகப் பதிலுக்கு விரலைப் பிடித்தார். துண்டு கொஞ்ச நேரம் மேலும் கீழும் அசைந்தது. சவரிமுத்து கையை வெளியே எடுத்துத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வாப்பா, போவோம்" என்றார்.

தெருவுக்கு வந்ததும் சொன்னார். "நாப்பது ரூவாக்கிக் கையெழுத்து, இருவது ரூவா கையில. மிச்சம் அவருக்காம். நானும் முப்பது வருசமாத் துண்டு போடுறேன். ரெண்டு வெல சொன்ன ஆள இன்னிக்கித்தான் பாக்குறேன்."

அந்த இருபது ரூபாய் எனக்குப் போதும். அப்போதிருந்த நிலையில் பத்து என்றாலும் போயிருப்பேன். கிடைத்த வேலையை இந்த மனுஷன் கெடுத்துவிட்டார் என்றுதான் பட்டது. நடுத்தெருவில் நின்று கத்தினேன். "ஒங்களால போச்சு. மாடு புடிக்கிற கைக்கிப் படிப்பப் பத்தி என்ன தெரியும்? என்னையும் மாடுன்னா நெனச்சீங்க?"

அவர் புகையிலையைத் துப்பினார். "மாடுன்னா தண்ணி எறச்சிருக்குமே" என்று மெல்லச் சொல்லிவிட்டு, என்னை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

ஊர் வந்து சேர்ந்து நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். நியாயம் என் பக்கம் என்ற தைரியத்தில்தான் சொன்னேன். அப்பா மறுநாள் விடிந்ததும் கிணற்று ஏற்றத்துக்குப் போகும்போது, "அந்தச் சால நீ புடி" என்றார். வாளியைப் பிடித்து இறைத்தேன். ஒரு மணி நேரத்தில் கை கொப்பளித்துவிட்டது. அந்தக் கொப்புளம் ஆறுவதற்குள் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் மூன்று மாதம் ஆனது.

மூன்று மாதம் கழித்து அவரைத் தேடிச் சந்தைக்குப் போனேன். கோட்டுப் போடவில்லை. அவர் ஒரு காளையின் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்பை எப்படித் தொடங்குவது என்று தவித்து நின்றேன். அவர் காளையை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "சந்தக் குத்தகக்காரருக்குச் சீட்டு எழுத ஆளு வேணுமாம். எட்டணா. எழுதுறியா?" என்றார்.

எழுதினேன். வாரத்தில் மூன்று ஊர்ச் சந்தை, நாளொன்றுக்கு எட்டணா. விற்ற மாட்டுக்கு அடையாளம் எழுதிச் சீட்டுக் கொடுக்க வேண்டும். செவலை, இடது கொம்பு மழுங்கல், நெற்றியில் வெள்ளை, வாலில் முடி குறைவு. ஆங்கிலக் கவிதை படித்தவனுக்கு வர்ணனையில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். முதல் நாளே ஒரு கிழவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்தவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "தம்பி, இது எம் மாடில்லைங்க. எம் மாட்டுக்கு வலக் காதுல கிழிசலுங்க. எந்திரிச்சு வந்து பாத்து எழுதுங்க" என்றார். எழுந்து போய்ப் பார்த்தேன். வலக் காதில் கிழிசல் இருந்தது. அதற்குப் பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்து நான் எதையும் எழுதியதில்லை. திருச்சியில் இரண்டு வருடம் யாரும் எனக்குச் சொல்லித் தராத பாடம் அது. சாணி மிதித்துக்கொண்டு, வெயிலில் நின்று, மனிதர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, நாலு வருடம் எழுதினேன். அப்பாவுக்கு நானே மேல்துண்டு வாங்கிக் கொடுத்தேன். கடனைத் தொட முடியவில்லை. சவரிமுத்தும் கேட்கவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. எங்கேயோ இருக்கிற தேசங்கள் குண்டு போட்டுக்கொண்டதில் இங்கே அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கட்டுப்பாடு, கட்டுப்பாட்டுக்கு ஒரு ஆபீஸ், ஆபீசுக்குக் குமாஸ்தாக்கள் என்று ஆனது. லட்சம் பேர் செத்தால்தான் பி.ஏ. படித்தவனுக்கு நாற்காலி என்று உலகம் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தது. ஒரு சந்தை நாளில் அதிகாரி ஒருவர் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். சீட்டுப் புத்தகத்தை எடுத்துப் பத்துப் பக்கம் புரட்டினார். "அடித்தல் திருத்தல் இல்லையே. என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். சொன்னேன். திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச் சொன்னார். மாதம் முப்பத்தைந்து ரூபாய்.

யாரையும் தெரியாமல், யார் காலையும் பிடிக்காமல், கையெழுத்தால் மட்டுமே வேலை வாங்கியவன் என்ற பெருமை அன்றைக்கு ஆரம்பித்தது. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களுக்கு இரண்டு தடவை சொன்னேன். மாதம் தவறாமல் பத்து ரூபாயைச் சவரிமுத்து கையில் கொடுக்கும்போது அவரிடமும் சொல்லியிருக்கிறேன். "ஆமாப்பா, தங்கமான கையெழுத்து" என்று வாங்கி மடியில் செருகிக்கொள்வார்.

மூன்று தவணை மிச்சம் இருக்கும்போது அவர் இறந்துபோனார். மஞ்சள்காமாலை. காரியமெல்லாம் முடிந்தபின் முப்பது ரூபாயை எடுத்துக்கொண்டு ஆவூர் போனேன். அவர் மனைவி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். பணத்தை வைத்து, கடன் இதோடு தீர்ந்தது என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தயாரானேன்.

"அம்பதுல்ல வரணும்" என்றார் அவர்.

"இல்லைங்கம்மா, முப்பதுதான். நான் எழுதி வச்சிருக்கேன்."

"கடன் முப்பது சரிதான் தம்பி. தரகு இருவது இருக்குல்ல."

"என்ன தரகுங்க?"

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "அந்த ஆபீசரு கறவ மாடு கேட்டு வந்தாரு. இவரு நல்ல மாடாப் புடிச்சுக் குடுத்து, வெலயில பதினஞ்சு ரூவா கொறச்சுக்கிட்டு, ஒங்களையும் சேத்து முடிச்சு விட்டாரு. மாட்டுல நட்டம் பதினஞ்சு, நாலு நட ஆபீசுக்கு அலஞ்சதுக்கு அஞ்சு. ஒங்ககிட்டக் கேக்க வேணாம்னுதான் சொன்னாரு. நான் ஏன் விடணும்?"

அதாவது நான் மாட்டோடு இனாமாகப் போயிருக்கிறேன். கையெழுத்து நன்றாக இருந்தது உண்மைதான். ஆனால் பத்துப் பக்கம் புரட்டிப் பார்க்கச் சொல்லி அந்த ஆளை என் மேசைக்கு ஓட்டிவந்தவர் சவரிமுத்து. வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒத்துக்கொண்டபின் சும்மா ஒப்புக்குத்தான் என் படிப்பை விசாரித்திருக்கிறார்கள். சட்டைப்பையில் இன்னும் இருபத்திரண்டு ரூபாய் இருந்தது. அதில் இருபதை எடுத்து வைத்தேன். அந்த அம்மாள் மோர் கொடுத்தார். குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். அன்று கண்டக்டரிடம் தமிழில்தான் டிக்கெட் கேட்டேன்.

கொஞ்ச காலத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானமே போய்விட்டது. அது அடித்த அம்மன் காசு என்ற செப்புக் காசும் செல்லாமல் போனது. நான் சீட்டு எழுதிய சந்தைகளில் ஒன்று பஸ் நிலையமாகிவிட்டது, ஒன்று கல்யாண மண்டபம், மூன்றாவது எங்கே இருந்ததென்று அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியவில்லை. துண்டு போட்டுப் பேசுகிறவர்களையும் காணோம். எல்லாம் வாய்விட்டே பேசுகிறார்கள். நான் பணி ஓய்வு பெற்ற அன்று கூட்டம் போட்டார்கள். யாருடைய சிபாரிசும் இல்லாமல் திறமையால் மட்டுமே சேவைக்கு வந்தவர் என்று என்னைப் பற்றி ஒருவர் பேசினார். நான்தான் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கூட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். சவரிமுத்து இல்லை, அவர் மனைவி இல்லை, அந்த அதிகாரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அது பொய் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்ல ஒரு ஆள் மிச்சமில்லை.