துடுப்பை அணைக்கும் முன்

புதுப் படகைக் கடலில் சோதிக்கும் நாட்களில், ஷுன்ஃபா ஆட்டமடக்கும் துடுப்புகளை அணைக்கும் முன் சமையலறைக்கு இறங்கி வருவார். என் சோற்றுப் பானை நழுவாதபடி அடியில் ஈரத்துண்டை மடித்து வைப்பார். "அணைக்கப் போறேன்க்கா, உக்காந்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும்.

படகின் ஆட்டத்தை அடக்க அடியில் இருபுறமும் மீன்துடுப்பு போல மோட்டாரில் அசையும் தகடுகளைப் பொருத்துவார்களே, காவோசியுங் துறைமுகத்தில் அதுதான் அவர் வேலை. அணைத்துவிட்டு ஆட்டத்தை அளப்பார். பிறகு ஓடவிட்டு அளப்பார்.

போன வசந்தத்தில் ஒரு படகு மட்டும் அவருக்கு அடங்கவே இல்லை. மூன்று நாளாகத் திருகித் திருகிப் பார்த்தார்.

"மேசைமேல டீயே அசையல, உனக்கு மட்டும் என்னய்யா ஆட்டம்? காலையிலேயே ஊத்திக்கிட்டியா?" என்றார் கேப்டன் லூ. எல்லாரும் சிரித்தார்கள்.

ஷுன்ஃபா கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "அக்கா, நிஜமாவே ஆடாம நிக்குதா?"

"நிக்குது தம்பி."

அவர் கருவிப்பெட்டியை மூடினார்.

தலைக்குள் கட்டி என்றார் மருத்துவர். கடல்தாய் மாட்சுவின் முன் குறி கேட்கும் பிறைக்கட்டைகளைப் போட்டு அவர் பிழைப்பாரா என்று கேட்டேன். மூன்று தடவையும் இல்லை என்றே விழுந்தன.

கடைசியாகப் பார்த்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் ஈரத்துண்டை மடித்து அவர் நெற்றியில் வைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"அணைக்கப் போறேன்க்கா, உக்காந்துக்குங்க."