ஆசீர்வதித்த பக்கம்

யாழ்ப்பாணத்தில் இம்மானுவேல் அண்ணை காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் ஓமானில் நம் சோஹார் தமிழ்ச் சபையின் செயலாளர். அவருடைய அழைப்பை நான் சில வருடங்களாக எடுப்பதில்லை. விடாமல் அடித்ததால் எடுத்தேன்.

தேவாலய வளாகத்தில் ஹால் கிடைக்கும் முன், நம் வெள்ளிக்கிழமை ஆராதனை முருகேசனின் வில்லாவில் நடந்தது பழையவர்களுக்கு நினைவிருக்கும். சிவகங்கைக்காரர். லேபர் கேம்ப் தொழிலாளர்களுக்குப் பூசை செய்து விபூதி கொடுப்பவர். நாம் வருமுன் முருகன் படத்துக்குத் திரையை இழுத்துவிட்டு, "உங்க சாமிய நிம்மதியாக் கும்பிடுங்கண்ணே" என்று டீ போடப் போய்விடுவார்.

ஆண்டு மலருக்கு அண்ணை சபை வரலாறு எழுதினார். முதல் வரியில் முருகேசன். கமிட்டிக் கூட்டத்தில் அதை அடிக்கச் சொன்னார் செயலாளர்.

"விபூதிக்காரன் வீட்ல ஆரம்பிச்சோம்னு போட்டா ஊர்ல சிரிப்பானுவ. கலாஸ், முடிஞ்சது, விடுங்க அண்ணாச்சி."

அண்ணை குரலை உயர்த்தவில்லை. "மோசேயின்ர மாமனார் ஆர்? மீதியான் பூசாரி. இஸ்ரவேல் மூப்பர்கள் அவரோட இருந்து சாப்பிட்டவை. பிறகுதான் மீதியானியர் பகையாளியள் ஆகிட்டினம். பிலேயாமும் அந்நியன்தான். சபிக்கக் கூப்பிட, ஆசீர்வதிச்சுப்போட்டுப் போனவன். பின்னால வந்தவை அவனைக் கெட்டவன் ஆக்கினவை. ஆனா, அவன் ஆசீர்வதிச்ச பக்கத்தை ஒருத்தரும் கிழிக்கேல்லை."

"பைபிள் ஸ்டடி வெள்ளிக்கிழமைதானே அண்ணாச்சி?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். முருகேசன் பெயர் போயிற்று. அண்ணை மலரில் தன் பெயரும் வேண்டாம் என்றார். நான் சபையையே விட்டேன்.

ஒரேயடியாக ஊர் திரும்புமுன் அண்ணை என் ரூமுக்குச் சாப்பிட வந்தார். செயலாளரை நான் திட்டித் தீர்க்கும்வரை மீன் முள்ளைப் பொறுமையாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"உமக்கு அவர் ஒரு நல்லதும் செய்யேல்லையோ?"

"மாஃபி. ஒண்ணுமே இல்லை."

"மகள் பிறக்கேக்க உம்மட மனுசிக்கு ரத்தம் குடுத்தது ஆர்?"

நான் குழம்புச் சட்டியைக் கிளறினேன்.

"நீரும் கிழிச்சுப்போட்டீர் போல" என்று சிரித்து, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

இந்தச் செய்தியைச் சொல்லும்போது போனில் செயலாளர் அழுதார். நான் வைத்துவிடவில்லை. அவர் செய்ததை இன்றும் மன்னிக்கவில்லை. எதையும் மறக்கிறவன் அல்ல நான். மறக்காதவன் முழுவதையும் மறக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் அண்ணை எனக்கு விட்டுப்போனது. ஆகவே இரண்டையும் இங்கே எழுதுகிறேன்: நமக்கு முதலில் இடம் கொடுத்தவர் முருகேசன். என் மனைவிக்கு ரத்தம் கொடுத்தவர் செயலாளர்.