கோமதி மேடமும் ராமநாதனின் விரதமும்

கோமதி மேடம் இறந்துபோன செய்தி எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியின் தமிழ் வாட்ஸப் குழுவில்தான் எனக்கு வந்தது. காலையில் பால் பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். அவருடைய மகள் இரண்டு வரி எழுதியிருந்தாள். கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே மூன்றாம் மாடி ராமநாதன் எழுதியிருந்தார்: "பாத்துப் பாத்துச் சாப்பிட்டவங்களுக்கே இந்தக் கதி. நாம எதுக்கு வாயைக் கட்டணும்? இருக்கற வரைக்கும் நல்லா சாப்பிட்டுட்டுப் போவோம்." அதற்கு ஆளாளுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அழுகை அன்று மாலை வந்தது.

நம் தமிழ் வட்டம் போடுகிற மலருக்கு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது. இதைப் படிக்கப்போகிற நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். உங்களில் பாதிப்பேர் லிஃப்டிலும் காய்கறிக் கடையிலும் அவரை நிறுத்திவைத்து எதைச் சாப்பிடலாம் என்று ஓசியில் யோசனை கேட்டவர்கள். ராமநாதனின் பெயரையும் நான் மறைக்கப்போவதில்லை. எழுதப்போகிறேன் என்று அவரிடமே சொன்னேன். "எழுதிக்குங்க சார், யார் படிக்கப் போறா" என்றார்.

புனே தொழிற்பேட்டையான போசரியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் தொழிலாளர் நலப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. கேன்டீன் சாப்பாட்டைச் சரிசெய்ய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டயட்டீஷியன் வாராவாரம் வருவார் என்றார்கள். சார்ட்டும் படமுமாக வந்து இறங்குவார் என்று நினைத்தேன். வந்த கோமதி மேடம் நேரே பின்பக்கம் போய், தட்டுக் கழுவும் இடத்தில் நின்றுகொண்டார். கொட்டப்போகிற தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சப்பாத்தியும் உருளைக்கிழங்கு பாஜியும் காலியாகியிருந்தன, பருப்பு என்ற பெயரில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் அப்படியே திரும்பி வந்திருந்தது. "என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா எல்லாரும் நமக்குப் பிடிச்ச பதிலத்தான் சொல்லுவாங்க சார். கழுவுத எடத்துலதான் நெசம் தெரியும்" என்றார். புனேயில் இத்தனை காலம் இருந்தும் அவருடைய திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை.

பருப்பைக் கெட்டியாக வைக்கச் சொன்னார். முளைகட்டிய பயறில் உசல் என்கிற மராத்திக் குழம்பு செய்யச் சொன்னார். கான்ட்ராக்டர் முனகினான், ஆனால் ஆட்கள் உசலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வேர்க்கடலை, முட்டை, கீரை என்று தெருமுனைக் கடையில் கிடைக்கிறதைத் தவிர வேறெதையும் அவர் சிபாரிசு செய்து நான் பார்த்ததில்லை. பிறகு ஒரு புது மேலாளர் வந்தார். செலவு என்று சொல்லி உசலை நிறுத்திவிட்டு, ஆரோக்கிய வாழ்வு பற்றிச் சுவரில் பெரிய பேனர் வைத்தார். அதில் படம் போட்டிருந்த பழத்தை எங்கள் ஆட்களில் ஒருவரும் தின்றதில்லை, நானும் தின்றதில்லை. இனி வர வேண்டாம் என்று கோமதி மேடத்திடம் சொல்கிற திருப்பணியை என் தலையில் கட்டினார்கள். "சரி, பேனர நக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவரும் சிஞ்ச்வட்டில் எங்கள் சொசைட்டியிலேயே குடியிருந்ததால் பழக்கம் விட்டுப்போகவில்லை.

ராமநாதன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், திருச்சிக்காரர், நெடுநாள் சர்க்கரை நோயாளி. சோற்றை அடியோடு விட்டுவிட்டதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் சர்க்கரை இறங்கவில்லை, கால் பெருவிரலில் வந்த புண்ணும் ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவருடைய மனைவி சுமதி கோமதி மேடத்தைக் கூட்டிக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். சோற்றுக்குப் பதிலாக என்ன என்று கேட்டால் அடுக்கடுக்காகச் சப்பாத்தி. "அரிசியும் கோதுமையும் அக்கா தங்கச்சி சார். அக்காவ வெரட்டிட்டுத் தங்கச்சிய குடும்பத்தோட கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார் மேடம். ராமநாதன் சிரித்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் விரதம் வெளியே வந்தது. பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பத்தைப் பார்த்து இவரும் திங்களும் சனியும் உபவாசம் இருந்தார். அன்றைக்கு அரிசி, கோதுமை எதுவும் கிடையாது. காலையில் நெய் மணக்க ஒரு தட்டு ஜவ்வரிசிக் கிச்சடி, சாயங்காலம் ஜவ்வரிசி வடை. விரத நாளில் சாப்பிட்டது அவர் கணக்கில் சாப்பாடே இல்லை, ஆகவே டாக்டரிடமும் சொன்னதில்லை. வயிற்றுக்கு ஓய்வு என்று நம்பிக்கொண்டிருந்தார். மேடம் வாதாடவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்து, அவர் கிச்சடி சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருந்தார். அப்புறம் வீட்டிலிருந்த சர்க்கரை மீட்டரை எடுத்து அவர் விரலில் குத்தி, அது காட்டிய எண்ணை அவரையே வாசிக்கச் சொன்னார். ராமநாதன் வாசிக்கவில்லை, சுமதிதான் வாசித்தாள். "ஜவ்வரிசின்னா முழுக்க மாவுதான் சார். அந்தத் தட்டுல ஒடம்புக்கு ஆவுதது கடலை ஒண்ணுதான், அதையும் ஓரமா ஒதுக்கிட்டீங்க" என்றார் மேடம்.

விரதத்தை விடச் சொல்லவில்லை. மோரும் வறுத்த கடலையும் கொஞ்சம் பழமும் போதும் என்றார். மற்ற நாளில் சப்பாத்தி இரண்டு, தட்டில் பாதிக்குக் காய், கெட்டிப் பருப்பு. மருந்தையும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதையும் டாக்டர் பார்த்துக்கொண்டார், சாப்பாட்டை மேடம் விடாமல் பார்த்துக்கொண்டார். புண் ஆறியது, விரலும் தப்பியது. ராமநாதன் மறுபடி ஸ்டேஷன் வரை நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வந்தார். அந்தக் காலில் நடந்துகொண்டுதான் அவர் வாட்ஸப்பில் அப்படி எழுதினார்.

மேடத்துக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்ததும் நம்மவர்கள் அவருக்கே பாடம் நடத்தக் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் கோதுமைப்புல் சாறு கொண்டுவந்தார். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் சர்க்கரைதான் காரணம் என்று ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நின்று விளக்கினார். நான் போயிருந்தபோது அவர் ஒரு சின்னக் கப்பில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்திருந்த ஒரு அம்மாள், "ஐஸ்கிரீமா? நீங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "எறங்குதது இது ஒண்ணுதாம்மா. எறங்குதத திங்கணும், இப்ப எனக்கு அதான் சத்து" என்றார் மேடம். அந்த அம்மாள் போன பிறகு என்னைப் பார்த்தார். "நான் போனதும் என்ன சொல்லுவாங்கன்னு தெரியும் சார். மொதல்ல ராமநாதன் சார்தான் சொல்லுவாரு. சோறு சாவ நிறுத்தும்னு நான் என்னைக்குச் சொன்னேன்? சாவுத வரைக்கும் சொந்தக் கால்ல கக்கூசுக்குப் போவணும்னுதான சொன்னேன்?" என்றார். குரலில் கோபம் இருந்தது. நான் காலி கப்பை வாங்கி வைத்தேன்.

இரங்கல் கூட்டத்தில் ராமநாதனும் பேசினார். தன் காலைக் காப்பாற்றிய தெய்வம் என்று சொல்லி உண்மையாகவே அழுதார். மறுவாரமே சுமதி எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, பழையபடி ஆரம்பிச்சுட்டாருண்ணே. சனிக்கிழமை கிச்சடி பண்ணலைன்னா தட்டைத் தள்ளிவிடறாரு. வெரல்ல அதே எடத்துல மறுபடி வெடிச்சிருக்கு. நீங்க வந்து சொல்லுங்கண்ணே." போனேன். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். மேடம் ஆஸ்பத்திரியில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். "அவங்களுக்கே ஒதவலையே சார்" என்றார்.

"உங்களுக்கு ஒதவுச்சுங்களே! அவங்க வவுத்துல வந்த கட்டிக்கும் உங்க காலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கத்தினேன்.

"நீங்க என்ன டயட்டீஷியனா?" என்று கேட்டுவிட்டு டிவியைப் போட்டார்.

இல்லைதான். எந்தப் பருப்பில் என்ன சத்து என்று கேட்டால் விழிப்பேன். கோமதி மேடத்தின் படிப்பு அவரோடு போய்விட்டது. என்னிடம் தங்கியிருப்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் கேட்ட அந்தக் கோபம் மட்டும்தான். வருகிற சனிக்கிழமை, அடுப்பில் ஜவ்வரிசி ஏறுகிற நேரம் பார்த்து ராமநாதன் வீட்டுக்குப் போவேன். கதவைத் திறக்காவிட்டால் படிக்கட்டில் நின்று சொசைட்டிக்கே கேட்கும்படி கத்துவேன். அவர் என்னை வெறுக்கட்டும். இரண்டு காலிலும் நின்றுகொண்டு வெறுக்கட்டும்.