கல்லைப் பிடித்த வேர்

லோகநாதனின் கைகள் படம் கழுவும் டெவலப்பர் தட்டின் ஒரு முனையை மெல்லத் தூக்கித் தாழ்த்திக்கொண்டிருந்தன. சிவப்பு பல்பின் வெளிச்சத்தில், வெள்ளைப் பேப்பரில் முதலில் ஒரு கறை தெரிந்தது. பிறகு பாறையின் விளிம்பு. பிறகு அதன்மேல் வழிந்து இறங்கும் வேர்கள். உதடு அசையாமல் எண்ணிக்கொண்டே வந்து, நூற்றிருபதில் விரல்கள் பேப்பரைத் தூக்கி அலசி, படம் மங்காமல் நிறுத்தும் ஹைபோ கரைசலில் போட்டன. கதவுக்கு வெளியே ஒரு குரல் மூன்றாம் முறையாக மணி என்ன என்று கேட்டது.

லோகநாதனுக்கு அந்த 1997 ஐப்பசியில் நாற்பத்திரண்டு வயது. ஆரணியில் குழித்தறியில் பட்டு நெய்கிறவர். நெய்த சேலை வீட்டைவிட்டுப் போய்விட்டால் அதன் டிசைனும் போய்விடுகிறதே என்று பழைய கேமரா ஒன்றை வாங்கினார். பிறகு தெருக்காரர்களுக்கு பாஸ்போர்ட் படம் எடுத்துக் கொடுத்தார். நூல் வைக்கும் அறையின் ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து அங்கேயே கழுவினார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கெட்டுப்போன ஒவ்வொரு பேப்பரின் பின்னாலும் ஏன் கெட்டது என்று எழுதி ஒரு பெட்டியில் போட்டு வைத்தார். அதுதான் அவர் படித்த படிப்பு.

மணி கேட்டவள் கன்னியம்மா. படவேட்டுக்கு அப்பால், மலையடிவாரத்தில் கூலி வேலை செய்கிறவர்களின் பதினோரு வீடுகளில் ஒன்று அவளுடையது. குடும்ப அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது ஏற்பட்ட பழக்கம். அந்த வீடுகளுக்கு நேர் மேலே, காட்டு ஓரத்தில், இச்சி மரம் ஒன்று வீட்டளவு பாறையை வேரால் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பாதையை அகலப்படுத்த அந்த மரத்தையும் வெட்டக் குறி போட்டுவிட்டார்கள். பட்டுப்போன மரம் என்று காகிதத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை ஆள் வருகிறது. மரம் போனால் பாறை எங்கே வரும் என்று கேட்க ஊரில் ஆளுண்டு, காட்டத்தான் ஒன்றுமில்லை. நாளை திங்கட்கிழமை, திருவண்ணாமலையில் மனு வாங்கும் நாள். மனுவோடு படத்தையும் வைக்க வேண்டும்.

முந்தாநாள் அவர் மேலே ஏறினார். உச்சி வெயில். வேர் எது, வேரின் நிழல் எது என்று பிரிக்க முடியவில்லை. மேகம் வரட்டும் என்று கேமராவைக் கல்லில் வைத்து, அசையாமல் முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் போனது. குறி போட்ட ஆட்கள் கீழே பாதையை அளந்துகொண்டிருந்தார்கள். எப்போது மேலே வந்து விரட்டுவார்களோ தெரியாது.

"மரம் இன்னா கல்யாணப் பொண்ணா, சீவி முடிச்சிகினு வர்றதுக்கு? ஜல்தி புடிங்கண்ணா" என்றாள் கன்னியம்மா.

அவர் நகரவில்லை. வெயில் மங்கியதும் ஏழு படம் எடுத்தார். காற்றில் இலை அசைந்ததில் ஆறு தேறவில்லை. ஒன்றில் மட்டும், பாவு நூல் பிரிவதுபோல, ஒவ்வொரு வேரும் பாறை இடுக்கில் நுழைவதும் கிளை நுனிகள் துளிர்த்திருப்பதும் தெரிந்தன.

அந்த ஒன்றைத்தான் இப்போது ஈரத்தோடு வெளியே கொண்டுவந்தார். கன்னியம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"இது எங்க மரம் இல்லீங்கண்ணா."

"என் கையால புடிச்சத இல்லன்றியேம்மா?"

"நானும் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன். பெருவேரு சோத்துக்கைப் பக்கம் எறங்கும். அதுமேலதான் தெனம் வெறகுக்கட்ட எறக்கி வெப்பேன். இதுல பீச்சாங்கைப் பக்கம் போவுது."

ஊருக்காக மனு எழுதிக் கொடுத்த பள்ளிக்கூட வாத்தியார் அதில் எழுதியிருந்ததும் அதுவே: பாறையைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் இறங்கும் பெருவேர்தான் அதைத் தாங்குகிறது. படம் வேறு பக்கம் காட்டினால், எந்தக் காட்டு மரமோ என்று மனுவையே தள்ளிவிடுவார்கள்.

லோகநாதனுக்குக் கோபம் வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தவர் கண் தறிக்கடியில் இருந்த கண்ணாடியில் விழுந்தது. பட்டின் பளபளப்பான முகம் கீழே பார்க்கத்தான் நெய்வார். அது சரியாக விழுகிறதா என்று பார்க்க அடியில் அந்தக் கண்ணாடி. அதை எடுத்துப் படத்துக்கு எதிரே பிடித்தார்.

"ஆங், இதான்" என்றாள் கன்னியம்மா.

நெகட்டிவுக்கும் பளபளப்பான பக்கம் ஒன்று உண்டு. அது மேலே இருக்க வேண்டும். விடிந்ததிலிருந்து தறியில் இருந்துவிட்டு நேராக இருட்டறைக்குப் போன கை, பழக்கத்தில் பளபளப்பைக் கீழே வைத்துவிட்டது. முகமாக இருந்தால் வகிட்டைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார். வேரில் ஏது வகிடு?

அவர் மனைவி குணசுந்தரி தறியிலிருந்து தலை தூக்கவில்லை. "மரத்தையும் கவுத்துப் போட்டு நெய்ஞ்சிட்டாரு."

பெரிய அளவு பேப்பர் இன்னும் ஒன்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. படவேட்டுக்குக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. அப்போது நான்கு.

நெகட்டிவை எடுத்தார். பளபளப்பை விரலால் தடவாமல், வெளிச்சத்தில் சாய்த்து இரண்டு முறை பார்த்து மேலே வைத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜர் விளக்கைப் போட்டு எண்ணத் தொடங்கினார். ஏழு எண்ணும்போது அடுத்த தெருவில் விசைத்தறிகள் ஓட ஆரம்பித்தன. மின்சாரம் குறைந்து விளக்கு மங்கியது. நிறுத்தினால் பேப்பர் வீண்; முதல் படத்துக்கு எண்ணியபடி பன்னிரண்டில் அணைத்தால் படம் வெளுக்கும். எவ்வளவு மங்கியது என்று அளக்க வழியில்லை. பதினைந்துவரை போனார். அணைத்தார்.

தட்டில் நூறு எண்ணும்வரை பாறை மட்டும்தான் வந்தது. பிறகு வலப்பக்கம் ஒரு கோடு கறுத்தது. அது தடித்துக் கிளை பிரிந்து இடுக்குக்குள் இறங்கியது. படம் ஒரு சாயல் இருட்டுதான். ஆனால் துளிர்கள் தெரிந்தன.

நாலே முக்காலுக்குக் கதவு திறந்தது. ஈரத்தைத் துணியில் ஒற்றி, இரண்டு அட்டைக்கு நடுவில் படத்தை வைத்திருந்தார். கன்னியம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் மேலட்டையைத் தூக்கிக் காட்டினார். அவள் சோற்றுக்கையை நீட்டி, தொடாமல், பெருவேர் இறங்கும் வழியெல்லாம் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"ஓரத்தப் புடிச்சி எடுத்துகினு போம்மா, நடுவுல கை வெக்காத" என்று சொல்லி அவள் கையில் கொடுத்தார்.