கஸ்தூரி மேடம் பிரித்துப்போட்ட தோட்டாக்கள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திருவாமாத்தூர் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றிருந்தபோது கஸ்தூரி மேடத்தின் கணவர் ஏழுமலை திண்டிவனத்திலிருந்து போனில் பேசினார். "கஸ்தூரி பூட்டா சார். பேப்பர் படிச்சிக்கினு இருந்தா, அப்டியே சாஞ்சிட்டா" என்றார். தட்டோடு வரிசையிலிருந்து விலகினேன். அவரே தொடர்ந்தார். "வூட்டுக்கு ஜனம் வந்துக்கினு இருக்குது. அந்த ரூமாண்ட எவனாவது பீடி பத்த வச்சிடப் போறான். நீங்க ஜல்தியா வந்து நில்லுங்க சார்."

மாலையோடு வந்தவர்கள் எல்லாம் கூடத்துக்குப் போனார்கள். நான் வெடிமருந்து இருந்த அறையின் பூட்டிய கதவருகே காவல் நின்றேன். நம் துப்பாக்கி சுடும் கழகத்தின் செயலாளராக இத்தனை ஆண்டுகளில் கஸ்தூரி மேடத்துக்கு முழு மனநிறைவு தரும்படி நான் செய்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும்.

நம்மில் பலருக்கு அவரைக் கழகத்தில்தான் தெரியும். திண்டிவனத்துக்காரர்களுக்கு அவர் நாட்டு மருந்துக்கடை கஸ்தூரி. வல்லம் பக்கத்தில் மல்லாட்டை விளையும் கொல்லைக்குக் காவலாக அவருடைய அப்பா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, அப்பா போனபின் முறைப்படி அவர் பெயருக்கு வந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி உறவினர்கள் சொன்னார்கள். அவரோ ஐம்பத்திரண்டாம் வயதில், சேலைக்கு மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, நம் மைதானத்துக்கு வந்து நின்றார். முதல் நாள் அவர் சுடுவதற்காக இயந்திரம் வானில் வீசிய இருபத்தைந்து களிமண் தட்டுகளில் ஒன்றுதான் உடைந்தது. அந்த ஒன்றுக்கே, பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கெல்லாம் அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

நான்கு வருடம் நன்றாகப் போனது. பிறகு வலது தோளில் அறுவை சிகிச்சை. துப்பாக்கி உதைப்பதைத் தோள் தாங்காது, விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். அடுத்த வாரமே மேடம் விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வந்தார்.

"தோட்டாவுல மருந்தும் குண்டும் கொறைச்சலா இருந்தா ஒதை கொறையும் சார். அந்த மாதிரி லேசானது இங்க எங்கயும் கெடைக்கல. சுட்ட காலித் தோட்டாவுலயே நாமளே கட்டிக்கலாம்."

"அது வெடிமருந்து மேடம்" என்றேன்.

"முப்பது வருஷமா நான் என்ன சார் கட்டிக்கினு இருக்கேன்? எடை தப்பாம பொட்டலம் போடுறதுதான் என் பொழப்பே."

அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டோம். விசாரணைக்கு வந்த போலீஸ் அதிகாரி, அறையையும் இரும்பு அலமாரியையும் தராசையும் பார்த்துவிட்டு, "இந்த வயசுல எதுக்கும்மா இந்த வேலை?" என்றார். "சின்ன வயசுல அவசரம் சார். இப்பத்தான் கை நிதானமா இருக்குது" என்றார் மேடம். அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார்.

அனுமதி வந்தது. பின்னாலேயே, தோட்டா கட்டுவதற்கான கைப்பிடி வைத்த அழுத்து இயந்திரமும் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு முறுக்குப் பிழியக் கொடுப்பீர்களா என்று கேட்டார். "இதுல புழிஞ்ச முறுக்கத் தின்னா பல்லு போயிடும்க்கா" என்றார் மேடம். முதல் ஒரு மாதம் அவர் ஒரு தோட்டாவும் செய்யவில்லை. உற்பத்தியாளர் கொடுத்த அளவுப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பவர்போலப் படித்தார். அதில் இல்லாத அளவு எதையும் அவர் தொட்டதே இல்லை. லேசான தோட்டாவை முதன்முதல் சுட்ட அன்று, தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "யாரோ தட்டிக் குடுத்த மாதிரி இருக்குது சார்" என்றார். அன்றைக்கும் டீ அவர் செலவுதான்.

மாநிலப் போட்டிக்கான தேர்வு வந்தது. நான்கு சுற்று, நூறு தோட்டா. புதிதாக நூறு கட்டி அடுக்கியிருந்தார். முந்தின நாள் பிற்பகல் நான் போனபோது, டீயை ஆறவிட்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில கட்டிக்கினு இருந்தப்ப இவரு கொல்லையிலருந்து போன் பண்ணாரு சார். எழுந்து போய்ப் பேசிட்டு வந்து உக்காந்தேன். எந்தத் தோட்டாவுல நிறுத்தினேன்னு ஞாபகம் இல்ல. மறுபடியும் அதுலயே மருந்து போட்டிருந்தா?"

ஒன்றில் மருந்து இரட்டிப்பாக விழுந்திருந்தால் குழல் வெடிக்கலாம், கண்ணும் கையும் போகலாம். "எல்லாத்தையும் எடை போட்டுப் பாத்துடலாமே" என்றேன்.

"ஈயக்குண்டு எடை முன்னப்பின்ன இருக்கும் சார். அதுல இது மறைஞ்சிடும்."

அதற்குள் வீடு வந்திருந்த ஏழுமலை கெஞ்சினார். "தண்ணி பாய்ச்சலாமான்னு ஒரு வார்த்தை கேட்டதுக்காடி இவ்ளோ பேஜாரு? நீ தப்பே பண்ணியிருக்க மாட்ட."

"பண்ணலன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதே" என்றார் மேடம்.

நூறையும் பிரித்துப்போட்டார். நானும் ஏழுமலையும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பொழுது சாயும் நேரத்தில் வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஒண்ணுலயும் தப்பு இல்ல சார்."

"அப்ப அத்தினியும் வீணா?" என்றார் ஏழுமலை.

"வீணா? இனிமே நிம்மதியா தூங்குவேன்."

ராத்திரியில் அவசரமாக மறுபடி நூறு கட்ட அவர் சம்மதிக்கவில்லை. பழைய பெட்டியில் மிச்சமிருந்தவை இருபத்தைந்து. ஒரு சுற்றுக்கு மட்டும் போதும். மறுநாள் அதோடு போட்டிக்குப் போனார். இருபத்தைந்தில் இருபத்திரண்டு தட்டுகளை உடைத்தார். அதுவரை அவர் அத்தனை உடைத்ததில்லை. அந்தச் சுற்றில் அவர்தான் முதல். அப்புறம் நடுவரிடம் போய் விலகிக்கொள்வதாகச் சொன்னார். கடைத் தோட்டா தருகிறோம் என்று நாலு பேர் ஓடிவந்தார்கள். தோளைக் காட்டிக் கும்பிட்டுவிட்டார். மீதி நாள் முழுவதும் நிழலில் நாற்காலி போட்டு, பிரியாணியை மடியில் வைத்துக்கொண்டு, தன்னோடு போட்டிபோட்ட பெண்களுக்கெல்லாம் உள்ளங்கை சிவக்கக் கைதட்டினார். ஒரு துளி வருத்தத்தை அவர் முகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.

மறுவருடம் அதே தேர்வில் வென்று மாநிலப் போட்டிக்குப் போய் ஐந்தாவதாக வந்ததை நீங்கள் அறிவீர்கள். சுட்டதெல்லாம் அவர் கையால் கட்டியவை. ஒன்றுகூட மக்கர் செய்யவில்லை. அதற்கப்புறம் அனுமதி வாங்கித் தோட்டா கட்டத் தொடங்கிய நாம் மூன்று பேரும், பாதியில் எழுந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறோம். யாரும் யாரையும் கண்காணிக்கத் தேவையில்லாமல் அது நடக்கிறது.

அறையிலிருந்தவற்றை ஏழுமலையின் விருப்பப்படியே உரிய இடத்தில் ஒப்படைத்தாகிவிட்டது. எனக்கென்று பொருளாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவருடைய பழக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். குறி தவறும்போது நாமெல்லாம் காற்றைத் திட்டுவோம், வெயிலைத் திட்டுவோம். மேடம் மட்டும், உடையாமல் போய்ப் புல்லில் இறங்கும் தட்டைக் கடைசிவரை பார்த்துவிட்டு, "என்னமா பறக்குது பாருங்க" என்பார். போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் தொடர்ந்து ஆறு தட்டுகளைத் தவறவிட்டேன். ஆறாவது, வெயிலில் மின்னிக்கொண்டு வெகுதூரம் போனது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அழகாகத்தான் பறந்தது.