எந்த மாறு?

இ.சி.ஜி. (இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் சோதனை) சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் என் மகள் ஷிஃபா நெஞ்சைப் பிடித்துக்கொண்டே கிடந்தாள். மட்டாஞ்சேரி படகுத்துறையில் மூச்சு முட்டி உட்கார்ந்திருந்தவளை, அங்கே டிக்கெட் கொடுக்கும் சேச்சி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்.

"நெஞ்சுக்குக் குழப்பமொண்ணும் இல்ல. ஆனா வலி சத்தியம், நடிப்பில்ல" என்றார் டாக்டர். "காலையில என்ன நடந்துச்சு, மோளே?"

"கூட்டுக்காரிங்க என்னை விட்டுட்டு ஆலுவா போயிட்டாங்க. உம்மாட்ட அழுதேன். உம்மா 'மாறு'ன்னு சொல்லிட்டாங்க. அதான் மாறிட்டேன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. நான் கடையநல்லூரில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். எதற்கெடுத்தாலும் அழும் குணத்தை விடட்டும் என்றுதான் "கொஞ்சம் மாறு" என்றேன். ஷிஃபா மலையாளத்தில் படித்து வளர்ந்தவள். மலையாளத்தில் 'மாறு' என்றால் விலகிப் போ.

காலையில் அடுக்களை வாசலிலிருந்து அவள் ஒதுங்கியது நினைவுக்கு வந்தது. எனக்கு வழிவிடுகிறாள் என்று நினைத்து, சோற்றுப் பானையோடு அவளைக் கடந்து போயிருந்தேன். அவளோ வீட்டைவிட்டே படகுத்துறைக்கு விலகிப் போயிருக்கிறாள்.

"இத்தனை வருஷமாச்சு, இன்னும் மலையாளம் படியலியே உனக்கு" என்று என் கணவர் கேலி செய்யப் பார்த்தார். ஆனால் மகளின் கையை அவர் விடவில்லை.

டாக்டர் இதைப் புறக்கணிப்பு உணர்மிகை (ஒதுக்கிவிடுவார்களோ என்று மனம் எப்போதும் காத்திருப்பது, சின்னச் சொல்லும் அடியாக விழுவது) என்றார். அது தனி நோயல்ல என்றும் சொன்னார். ஆனால் உடம்பு அதை உண்மையான அடியாகவே வாங்கிக்கொள்ளுமாம். உளவியலாளரோடு பேச்சுச் சிகிச்சை தொடங்கினோம். நெஞ்சு இறுகும்போது ஷிஃபா செய்ய வேண்டியது ஒன்றுதான்: தானாக அர்த்தம் முடிவுசெய்யாமல், சொன்னவரிடமே கேட்பது.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு சொல்லுக்குச் சுருங்கிப்போனால், "இதுக்கா அழுவுற?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியும் அடிதான்.

போன வாரம் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் தெறித்தது. என்னையறியாமல், "மாறு!" என்று கத்திவிட்டேன்.

ஷிஃபாவின் முகம் வெளுத்தது. கை நெஞ்சுக்குப் போனது. ஆனால் அவள் வாசலுக்குப் போகவில்லை.

"எந்த மாறு, உம்மா?"

"மலையாளம் மாறு. எண்ணெய் சுடும்டி."

ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். "அப்ப மீன் எனக்குத்தான?"

'எந்த மாறு' என்று அவள் கேட்டதற்கும் நான் பதில் சொன்னதற்கும் நடுவே ஒரு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். அவ்வளவு நீளமான நேரத்தை நான் கண்டதில்லை. இப்போதெல்லாம் வாயைத் திறக்கும்முன் என் நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறது.